கிழக்கு பார்த்த மணவறை

திருச்சியில் கடல் இல்லை. மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் கோயிலில் நின்று பார்த்தால் காவிரி, கொள்ளிடம், இரண்டுக்கும் நடுவே தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கம், அதன் கோபுரங்கள், அவ்வளவுதான். மணலில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்ட ஜோடிகளுக்கு நெடுநாள் கைகொடுத்தவை கொள்ளிடத்து மணலும் முக்கொம்பும். அலையடிக்கும் கரை வேண்டுமென்றால் கிழக்கே நாகப்பட்டினம் சுமார் 140 கிலோமீட்டர்; மாமல்லபுரம் சுமார் 300.

அந்தத் தூரம் இப்போது யாருக்கும் பெரிதாகப் படுவதில்லை. பெண் ஒரு நாட்டில் வேலை பார்க்கிறாள், பிள்ளை இன்னொரு நாட்டில். பாதி உறவுக்காரர்கள் சென்னை விமான நிலையத்தில்தான் வந்து இறங்குகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியைப் பிடித்துவிட்டால் தங்கல், சாப்பாடு, பந்தல் எல்லாம் ஒரே வளாகத்தில் முடிந்துவிடும். ஸ்ரீரங்கத்துக் குடும்பம் என்றால் வாத்தியார் ஊரிலிருந்தே கிளம்புவார், தளிகைக்காரர் கிளம்புவார், கூடவே வீடியோக்காரரும் கிளம்புவார். மண்டபத்துச் சுவருக்குள் விளக்கு வைத்துப் பழகிய கைக்குக் கடற்கரை வேறொரு உலகம். அங்கே வெளிச்சமும் காற்றும் அலைச் சத்தமும் யார் பேச்சையும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டுக் கடற்கரைக் கல்யாணம் என்றதும் பலருக்கு நினைவில் வருவது 2022 ஜூன் 9. நடிகை நயன்தாராவுக்கும் இயக்குநர் விக்னேஷ் சிவனுக்கும் அன்றுதான் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள கடற்கரை விடுதியில் திருமணம் நடந்தது. விக்னேஷ் சிவனின் தந்தைவழிச் சொந்த ஊர் திருச்சிக்குப் பக்கத்து லால்குடி என்பதால் இந்தப் பக்கத்தில் பேச்சு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. முதலில் திருப்பதியில் நடத்தத்தான் நினைத்தார்கள். எல்லோரையும் அங்கே அழைத்துப் போவதில் சிரமம் இருந்ததால் மாமல்லபுரத்துக்கு மாற்றினோம் என்று மணமகனே பத்திரிகையாளர்களிடம் சொன்னார்.

கல்யாணம் நடந்தது 2022 வைகாசியில். அந்தக் காட்சிகள் இடம்பெற்ற 'நயன்தாரா: பியாண்ட் தி ஃபேரி டேல்' ஆவணப்படம் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது 2024 நவம்பர் 18-ஆம் தேதி, மணமகளின் நாற்பதாவது பிறந்தநாளில். நடுவில் இரண்டேகால் வருடத்துக்கும் மேல் ஓடிவிட்டது. ஒன்றேகால் மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும் அந்தப் படத்தில் பெரும்பகுதி கல்யாணமே இல்லை. அம்மா பேசுகிறார், உடன் வேலை செய்தவர்கள் பேசுகிறார்கள், திருவல்லாவிலிருந்து வந்த பெண் எப்படி இந்த இடத்துக்கு வந்தார் என்பது விரிகிறது. இந்த மனுஷி யார் என்று தெரிந்த பிறகு மாலை மாற்றுவதைக் காட்டுகிறார்கள். அதனால்தான் அது மனதில் நிற்கிறது. மூன்று நிமிட ஹைலைட்ஸ் எடுக்கும் நம்மூர் வீடியோக்காரருக்கு அந்தச் செலவும் அவகாசமும் கிடையாது. ஆனால் அந்த முறை அவருக்கும் கைகூடும். அதற்கு முன் கடற்கரையில் அவர் திசையைப் பார்க்க வேண்டும்.

நம்முடைய சடங்குகளில் மணமக்கள் பெரும்பாலும் கிழக்கு பார்த்து உட்காருவார்கள். சோழமண்டலக் கரையில் கடலும் கிழக்கே. அப்படியானால் மணவறையில் இருப்பவர்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை நேரே படமெடுக்கும் கேமரா கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும். பின்னணியில் தெரிவது நீலக் கடலாக இருக்காது, விடுதியின் சுவரும் தென்னை மரங்களும் ஜெனரேட்டர் வண்டியுமாகத்தான் இருக்கும். அலங்காரக்காரர்கள் இதற்குச் செய்யும் சுலபமான வழி, கடலைப் பின்னால் வைத்து மணவறையை மேற்கு பார்க்கத் திருப்பிவிடுவது. முகூர்த்தத்துக்கு முன்னால் வாத்தியார் வந்து பார்த்ததும் சச்சரவு தொடங்கும். தெற்கு நோக்கிப் பள்ளிகொண்ட பெருமாளின் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் திசை முக்கியமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொல்லவும் கூடாது.

முந்தின நாள் சாயங்காலமே மூன்று பேரும், அதாவது வாத்தியாரும் அலங்காரக்காரரும் வீடியோக்காரரும், மணலில் ஒன்றாக நின்று பேசி முடித்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது. மணவறை கிழக்கு பார்த்தே இருக்கட்டும். பின்பக்கத் திரையை மட்டும் துணியால் மூடாமல் பூச்சரமாகத் தொங்கவிட்டால், பின்னாலிருந்து ஒரு அகலக் கேமரா மணமக்களின் தோள்களுக்கு நடுவே அக்னியையும் அதற்கு அப்பால் கடலையும் ஒரே சட்டத்தில் பிடித்துவிடும். வடக்கிலும் தெற்கிலும் ஒவ்வொரு கேமரா இருந்தால் முகத்தின் பக்கவாட்டில் கரை நீண்டு போவது தெரியும். நேர் எதிரே நிற்கும் கேமராவுக்கு முகங்கள் மட்டும் போதும். சொல்லப்போனால் அதுதான் அதிர்ஷ்டசாலிக் கேமரா. ஏனென்றால் உதிக்கும் சூரியன் அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து மணமக்களின் முகத்தில் நேராக விழுகிறது.

ஒளி விஷயத்தில் கிழக்குக் கரைக்கு ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. இங்கே சூரியன் கடலில் உதிக்கும், நிலத்தில் மறையும். கோவாவிலோ கேரளத்துக் கோவளத்திலோ எடுத்த வீடியோவைக் கைபேசியில் காட்டி, கடலில் சூரியன் இறங்கும்போது நாங்கள் இருவரும் நடந்து வர வேண்டும் என்று கேட்கும் ஜோடிக்கு, மாமல்லபுரத்தில் அது நடக்காது என்று முன்பணம் வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். நடப்பது எது என்றால் விடியல். ஜூன் தொடக்கத்தில் சென்னைப் பக்கம் சூரியன் 5.40-ஐ ஒட்டி எழும். ஜனவரி நடுவில் 6.35 ஆகிவிடும். எழும் இடமும் மாறும். ஆனியில் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே, மார்கழியில் அதே அளவு தெற்கே. வைகாசி முகூர்த்தத்துக்குச் சரியாக இருந்த கேமரா இடம் தை முகூர்த்தத்துக்குச் சரிப்படாது.

அதிகாலை முகூர்த்தம் வைத்துக் கல்யாணம் செய்யும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருப்பது எவ்வளவு பெரிய கொடை! நாலரை, ஆறு என்று முகூர்த்தம் குறித்துக் கொடுத்தால், பல ஊர்க் கடற்கரைக் கல்யாணங்களுக்குக் கிடைக்காத ஒளி இலவசமாகக் கிடைக்கிறது. பௌர்ணமி ஒட்டி வரவேற்பு இருந்தால் இன்னொன்றும் உண்டு. சூரியன் மேற்கே இறங்கும் அதே நேரத்தில் முழுநிலவு கடலிலிருந்து எழுந்து வரும்.

எட்டு மணிக்குப் பிறகு நிலைமை வேறு. வெயில் மணலில் பட்டுத் தெறிக்கும். நொடிக்கு 25 சட்டம், 1/50 ஷட்டர், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 800 என்று லாக் முறையில் எடுப்பவருக்கு உச்சிவெயிலில் ஒன்பது ஸ்டாப் வெளிச்சம் அதிகம். அதாவது வரும் ஒளியில் ஐந்நூறில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விட வேண்டும். அதைச் செய்யும் என்டி ஃபில்டர் இல்லாமல் கடற்கரைக்குப் போவதில் அர்த்தமே இல்லை. மாலை வரவேற்பில் வேறு கவலை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, அதனால் மலிவான எல்இடி சரங்கள் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஸ்லோமோஷனுக்கு 60, 120 என்று வைக்காமல் 50, 100 என்று வைத்து ஷட்டரை 1/100-க்கு நிறுத்தினால் படத்தில் பட்டை ஓடாது. விடியலில் நிறமும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் மாங்கல்யதாரணத்தின் நடுவிலேயே மணமகளின் முகம் நிறம் மாறிப்போகும். நிழல் விழும் பக்கத்துக்கு வெளிச்சம் தூக்கிக் காட்ட பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு தெர்மாகோல் பலகையும் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு தம்பியும் போதும்.

ஆனால் படத்தைக் காப்பாற்றுவதோ கெடுப்பதோ ஒலிதான்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எடுத்த கல்யாண கேசட்டுகளைத் திருச்சியில் இன்றும் பல வீட்டுப் பீரோக்களில் பார்க்கலாம். பேனசோனிக் எம் 9000 மாதிரி தோளில் வைக்கும் கேமரா, கண்ணைக் கூசவைக்கும் ஹாலஜன் விளக்கு, அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வரும் லைட் பாய். அந்தக் காலத்துக்கு அது அருமையான வேலை. ஆனால் அவற்றில் பலவற்றில் ஆரம்பம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டை மேலே போட்டுவிட்டார்கள். தாத்தா வாய் அசைகிறது, பாட்டி எதையோ சொல்லிச் சிரிக்கிறாள், அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே யாரையோ அதட்டுகிறாள். என்ன சொன்னார்கள் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. முகம் இருக்கிறது, குரல் போய்விட்டது. இன்றைக்கு ட்ரோனும் கிம்பலும் வைத்துக்கொண்டு அதே தவறைச் செய்வது மன்னிக்க முடியாதது.

கடற்கரையில் குரலைப் பிடிப்பது கஷ்டம்தான். அலையோசை மனிதக் குரல் இருக்கும் அலைவரிசை முழுவதிலும் பரவிக் கிடப்பதால் அதைப் பிறகு கணினியில் பிரித்தெடுப்பது கடினம். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவதுதான் வழி. மணமகன் வெற்றுடம்பில் அங்கவஸ்திரம் மட்டும் போட்டிருந்தால் காலர் மைக்கை மாட்ட இடமில்லை. மாலை கனமாக விழுந்து உரசும். வாத்தியாரின் அங்கவஸ்திர மடிப்பில் ஒன்று, பெண்ணின் அப்பா சட்டையில்லாமல் இருந்தால் அவர் எதிரே பூஜைத் தட்டுகளுக்கு நடுவே ஒன்று, எல்லாவற்றுக்கும் பஞ்சு உறை. அதிகாலையில் நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று. உச்சிப்பொழுதை ஒட்டிக் கடற்காற்று திரும்பி அடிக்கும். குரல் பதிவுக்கும் விடியல்தான் நல்ல நேரம். ஹோமப் புகையும் அந்த நேரத்தில் கடல் பக்கமாகப் போகும் என்பதால் எதிரே நிற்கும் கேமராக்காரர் மட்டும் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம் கெட்டிமேளம். வாத்தியார் முணுமுணுப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கும் மந்திரத்துக்கு மைக்கின் அளவை ஏற்றிவைத்திருப்பார்கள். விரலை ஆட்டி அவர் சைகை காட்டிய அடுத்த நொடி நாதஸ்வரமும் தவிலும் ஒன்றாக வெடிக்கும், பதிவு கிழிந்துபோகும். வாழ்க்கையில் ஒருமுறை வரும் நொடி அது. 32 பிட் ஃப்ளோட் முறையில் பதியும் சின்னக் கருவிகள் இப்போது கைக்கு எட்டும் விலையில் வந்துவிட்டன. அவற்றில் முணுமுணுப்பும் கெட்டிமேளமும் ஒரே பதிவில் சேதமில்லாமல் தங்கும். நாதஸ்வரக்காரர்களுக்குத் தனியாக மூன்று, நான்கு மீட்டர் தள்ளி ஒரு மைக் வைத்தால் எடிட்டிங்கில் அது தங்கம்.

கடைசியாக ஒன்று. யாரும் எழாத நேரத்தில் கரைக்குப் போய், வெறும் அலையோசையை மட்டும் சில நிமிடங்கள் பதிந்து வர வேண்டும். அலை ஏறி இறங்குவதற்கு ஒரு கால அளவு உண்டு. பேச்சை ஒட்டி வெட்டும்போது ஒரு துண்டில் அலை உடைந்துகொண்டிருக்கும், அடுத்த துண்டில் பின்வாங்கிக்கொண்டிருக்கும். வெட்டு காதில் இடறும். தொடர்ச்சியான அலையோசையை அடியில் விரித்துவிட்டால் மேலே எத்தனை வெட்டு இருந்தாலும் காது அதைக் கவனிப்பதில்லை.

எடிட்டிங் மேசைக்கு வந்தால் முதல் கேள்வி வரிசை. இடியஸ் ஆகட்டும், பிரீமியர் ஆகட்டும், டாவின்சி ஆகட்டும், மென்பொருள் எதுவானாலும் பல ஹைலைட்ஸ் ஒரே அச்சில் வருகின்றன. ட்ரோன், தொங்கும் புடவை, செருப்பு, வாட்ச், நெக்லஸ், ஜோடி மெதுவாக நடப்பது, மறுபடியும் ட்ரோன். யார் கல்யாணம் என்று பெயரைப் படித்தால்தான் தெரியும்.

ஸ்ரீரங்கத்தில் இதற்கு வெளியே போய் மாதிரி தேட வேண்டியதில்லை. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் பாடிய வாரணமாயிரம் ஒரு கல்யாணத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்துச் சொல்கிறது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம், பந்தல், கூறைப்புடவையும் மாலையும், தீர்த்தம் தெளித்துக் காப்புக் கட்டுவது, விளக்கோடு பெண்கள் எதிர்கொள்வது, மேளமும் சங்கும் முழங்கக் கைப்பிடிப்பது, தீவலம், அம்மி, பொரி, பிறகு சந்தனமும் குங்குமமும் பூசி மறுபடியும் ஊர்வலம். கனவு காண்பவள் தோழியிடம் சொல்கிறாள். அதனால் கதை முழுக்க ஒரே குரலில் போகிறது. தாலி கட்டுவதற்கென்று தனிப் பாசுரம் இல்லை. உச்சம் கைப்பிடிப்பதுதான். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பாசுரம், ஒரே ஒரு செய்கை, அடுத்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் இதைவிட நேர்த்தியாக ஒருவர் எடிட் செய்து வைத்திருக்கும்போது, ஹைலைட்ஸுக்கு வெளியூர் டெம்ப்ளேட்டை வாங்கிப் போடுவது வருத்தமாக இருக்கிறது.

ஐயங்கார் கல்யாணங்களில் அந்தப் பாசுரங்களைச் சேவித்துக்கொண்டே தேங்காய் உருட்டுவார்கள். மணமக்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு பாசுரத்துக்கும் மடியிலிருந்து தேங்காயை உருட்டி விடுவது. மணலில் உருளாது என்பதால் ஜமக்காளம் விரித்திருப்பார்கள். கேமராவை ஜமக்காளத்தின் மட்டத்துக்கு இறக்கி, தேங்காய் வரும் திசையில் வைத்து, ஸ்லோமோஷன் போடாமல் ஓடவிட வேண்டும். மஞ்சள் பூசிய தேங்காய் கொஞ்சம் கோணலாக உருண்டு வரும், பெண் சட்டென்று கையை நீட்டிப் பிடிப்பாள், வளையல் குலுங்கும், பின்னால் யாரோ சித்தி "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கத்துவாள், பாசுரம் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். எட்டு நொடி. இந்த எட்டு நொடிக்கு ஈடாக எந்த ட்ரோன் காட்சியும் இல்லை.

வண்ணம் சேர்ப்பதில் ஒரு வேண்டுகோள். கடற்கரை என்றதும் நீலத்தைக் கூட்டி, மீதியை ஆரஞ்சாக்கும் நிற அச்சு (லட்) ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். மஞ்சள் பழுப்பாகிறது, குங்குமம் செங்கல் நிறமாகிறது, கூறைப்புடவையின் அரக்கு காணாமல் போகிறது. அதைவிட மோசம், மணமகளின் தோலை வெளுப்பாக்குவது. அவள் அப்பா கறுப்பு, அவள் கறுப்பு, காலையில் சூரியன் பட்டு அந்த நிறம் மின்னியது. அதை அழித்துவிட்டு எதைக் காட்டப் போகிறோம்? வாடிக்கையாளர் கேட்டாலும் ஒருமுறை எடுத்துச் சொல்லிப் பார்ப்பது எடிட்டரின் கடமை.

பாட்டுக்கு வருவோம். கல்யாண ஊர்வலத்திலும் அதையொட்டிய விழாக்களிலும் பாட்டு ஒலிபரப்புவது உரிமை மீறல் ஆகாது என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதை மறுபடி தெளிவுபடுத்தியது. ஆனால் அதே பாட்டை ஹைலைட்ஸில் ஒட்டி யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏற்றுவது வேறு விவகாரம். சத்தத்தை முடக்குவார்கள், சில சமயம் வீடியோவையே எடுத்துவிடுவார்கள். நயன்தாரா ஆவணப்படத்திலும் இப்படி ஒரு சிக்கல் வந்தது. 'நானும் ரௌடிதான்' படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த மூன்று நொடிக் காட்சிக்காகத் அந்தப் படத்தின் தயாரிப்பாளர் தனுஷ் தரப்பு 10 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பியதாக 2024 நவம்பரில் நயன்தாரா திறந்த கடிதம் எழுதினார்; விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. யார் பக்கம் நியாயம் என்பது நீதிமன்றத்தின் வேலை. வீடியோக்காரருக்கு அதில் உள்ள செய்தி, மூன்று நொடியும் கணக்கில் வரும் என்பது. அன்று காலை நேரில் பதிந்த நாதஸ்வரத்தையே பின்னணியாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. வாசித்தவருக்கும் அதில் உரிமை உண்டு. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, படத்தின் கடைசியில் அவர் பெயரைப் போடுவது மரியாதை.

ட்ரோனுக்கும் விதிகள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை போகலாம். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிதான். அதற்கும் உள்ளே அனுமதி வாங்காமல் பறக்க முடியாது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் அங்கே ட்ரோன் பெட்டியைத் திறக்கவே கூடாது. ஸ்ரீரங்கம் திரும்பியதும் மணமக்கள் பெருமாளைச் சேவிக்கப் போவார்கள். அங்கும் கேமரா கூட வராது. கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. ரங்கா ரங்கா கோபுரத்துக்கு வெளியே நின்று எடுத்துக்கொண்டு, உள்ளே நடப்பதை அவர்களுக்கே விட்டுவிடலாம்.

தை, மாசி, பங்குனியில் இரவு வரவேற்பு எடுப்பவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. சென்னையிலிருந்து தெற்கே நீளும் இதே மணலில்தான் அந்த மாதங்களில் பங்குனி ஆமைகள் வந்து முட்டையிடுகின்றன. இரவில் பொரிந்து வரும் குஞ்சுகள் கடலின் மெல்லிய வெளிச்சத்தை நோக்கிப் போகும் இயல்புடையவை. கரையில் விளக்கு எரிந்தால் அதை நோக்கித் திரும்பிச் சாகும். விளக்குகளைக் கரை பார்க்க வைக்காமல் நிலத்தின் பக்கம் திருப்பி, தாழ்வாக வைத்து, நிகழ்ச்சி முடிந்த உடனே அணைக்கச் சொல்லும் அதிகாரம் வீடியோக்காரருக்கு இருக்கிறது. விளக்கு வைக்கச் சொல்வதே அவர்தானே.

எல்லாம் முடிந்து திருச்சிக்கு வண்டி ஏறும்போது கையில் இருப்பது கோப்புகள். 4கே 10 பிட், நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு கேமரா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று கேமரா நான்கு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. விடுதி அறையிலேயே இரண்டு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து, ஒன்றை ஒருவர் பையிலும் மற்றதை இன்னொருவர் வண்டியிலும் அனுப்புவது நல்லது. கேமராவையும் ட்ரைபாடையும் ஈரத்துணியால் உப்புப் போகத் துடைத்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு நிமிட டீசர் அந்த வாரமே போகட்டும்; மூன்று, நான்கு நிமிட ஹைலைட்ஸ் நிதானமாக வரட்டும். அவற்றோடு, சடங்கு முழுவதையும் பாட்டு எதுவும் சேர்க்காமல், நேரடி ஒலியோடு, வெட்டாமல் ஒரு தனிக் கோப்பாகக் கொடுத்துவிட வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் கேட்காமல் கொடுப்பவரிடம்தான் கல்யாணத்தை ஒப்படைக்கலாம்.